வீடு தேடித் தருவதும் மருத்துவமனையின் வேலையா?

கேள்வி இது: “அமெரிக்காவில் சில பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் வீடில்லாத குடும்பங்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வதாகவும், வாடகைக்குக்கூடப் பணம் போடுவதாகவும் படித்தேன். வைத்தியம் பார்க்க வேண்டியவர்களுக்கு இந்த வேலை எதற்கு? இதில் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது வெறும் விளம்பரமா?”

இரண்டு வகையும் இருக்கின்றன. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். திட்டம் முடியும்போது அந்தக் குடும்பத்தின் கையில் வீட்டுச் சாவி இருக்கிறதா, அல்லது தொலைபேசி எண்கள் அச்சடித்த ஒரு தாள் இருக்கிறதா? நான் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் சமூகப் பணிப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்தத் தாளை நானே எத்தனையோ பேருக்கு நீட்டியிருக்கிறேன். அதில் இருந்த எண்களில் பாதியை யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், வாங்கிக்கொண்டவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் நான் கொடுத்தேன், அவர்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். வீடற்றவர் என்றதும் நடைபாதையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு தனி மனிதர்தான் நினைவுக்கு வருவார். குடும்பங்கள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. குழந்தையோடு தெருவில் படுத்தால் குழந்தைகள் நலத்துறை பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் தாய்மார்களுக்கு உண்டு. அதனால் அக்கா வீட்டு ஹால், சிநேகிதியின் சோபா, வார வாடகை மோட்டல், கார் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். எல்லாக் கதவும் சாத்தப்பட்ட பிறகுதான் காப்பகத்துக்கு வருவார்கள். 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 7 லட்சத்து 71 ஆயிரத்து 480 பேர். அதில் குழந்தைகளோடு இருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம். முந்தைய ஆண்டைவிட இது 39 சதவீதம் அதிகம். அன்றிரவு வீடில்லாமல் இருந்த குழந்தைகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

இந்தக் கணக்கும் முழுமையானதல்ல. உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவர்களை, இந்தக் கணக்கை வெளியிடும் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை இதில் சேர்ப்பதில்லை. ஆனால் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்தின் கீழ், பள்ளிக்கூடங்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளையும் வீடற்றவர்களாகவே பதிவு செய்கின்றன. ஒரே குழந்தை, ஒரே சோபா; ஓர் அரசுத் துறையின் ஏட்டில் அதற்கு வீடு இல்லை, இன்னொரு துறையின் ஏட்டில் இருக்கிறது. எந்த உதவிக்கு விண்ணப்பிக்கிறோமோ, அந்த உதவியின் ஏடுதான் செல்லும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஓராண்டு பிடித்தது.

இதில் மருத்துவமனை எங்கே வருகிறது? இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்கிறோம். காரில் எங்கே வைப்பது? மருந்தை ஆவியாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறோம். பகலில் வெளியே போய்விட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் காப்பகத்தில் மின்செருகி ஏது? பிறந்த குழந்தையைத் தனித் தொட்டிலில், மல்லாந்த நிலையில் படுக்கவைக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்குகிறோம். மோட்டல் அறையில் ஒரே கட்டில், அதில் நான்கு பேர். அடுத்த பரிசோதனைக்கான கடிதம் மூன்று மாதத்துக்கு முன்பு காலி செய்த முகவரிக்குப் போய்ச் சேரும். குழந்தை வராது. நாம் கோப்பில் ‘வரவில்லை’ என்று எழுதுவோம், இரண்டு முறை வராவிட்டால் தாய் பொறுப்பற்றவர் என்ற தொனி அந்தக் கோப்பில் ஏறிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1986-இல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தின்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிற யாரையும், பணம் இல்லை என்று சொல்லிப் பரிசோதிக்காமல் அனுப்ப முடியாது. நள்ளிரவிலும் விளக்கெரிகிற, கதவு பூட்டாத கட்டடம் ஊரில் அது ஒன்றுதான். எனவே வீட்டுவசதியில் அரசு எங்கே சறுக்கினாலும் அந்த விளைவு அங்கேதான் வந்து சேரும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மாசசூசெட்ஸ். தகுதியுள்ள குடும்பங்களுக்குத் தங்குமிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1983-இலேயே சட்டம் போட்ட மாநிலம் அது. நாட்டிலேயே முன்னோடி. ஆனால் 2012-இல் செலவைக் குறைக்க விதிகளை இறுக்கினார்கள். பல குடும்பங்களைப் பொறுத்தவரை அதன் பொருள் இதுதான்: மனிதர் வசிக்கத் தகாத ஓர் இடத்தில் ஏற்கெனவே ஓர் இரவைக் கழித்ததற்குச் சான்று காட்டினால்தான் காப்பகத்தில் இடம். கார், பஸ் நிலையம் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். காரில் படுத்ததற்கு யார் சான்று தருவார்கள்? மருத்துவமனையின் காத்திருப்புக் கூடமும் வசிக்கத் தகாத இடம்தான்; அங்கேயோ அச்சடித்த சான்று கிடைக்கும். தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில், வீடின்மைக்காகவே வருகிறவர்களின் எண்ணிக்கை அந்த விதிக்குப் பிறகு நாலரை மடங்கானது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இல்லை. அப்படி ஒரு வருகைக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு கொடுத்த பணம், ஒரு நாள் காப்பகச் செலவைப்போலப் பல மடங்கு. ஒரு கணக்கில் மிச்சம் பிடித்ததை இன்னொரு கணக்கில் வட்டியோடு கட்டினார்கள். நடுவில் தூங்காமல் கிடந்தவை குழந்தைகள்.

இதைக் கேட்டதும் “அப்படியென்றால் வீடு கொடுப்பது லாபம்தானே, மருத்துவமனைகள் அதனால்தான் செய்கின்றன” என்று தோன்றும். பல குழுமங்களின் தலைவர்கள் மேடையில் பேசுவதும் அதைத்தான். இந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

லாபக் கணக்கு தனி மனிதர்களை வைத்துப் பிறந்தது. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் ஜெஃப்ரி பிரென்னர் என்ற மருத்துவர், திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருகிற சில நோயாளிகளால்தான் செலவின் பெரும்பகுதி ஆகிறது என்று கண்டு, அவர்களைத் தேடிப் போய்க் கவனிக்கும் குழு ஒன்றை அமைத்தார். நாடே அதைக் கொண்டாடியது. கவனம் பெற்றவர்களின் மருத்துவச் செலவு உண்மையாகவே குறைந்தது. பிறகு 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், குழுவின் உதவி பெற்றவர்களில் 62.3 சதவீதம், பெறாதவர்களில் 61.7 சதவீதம். மிக மோசமான ஓர் ஆண்டுக்குப் பிறகு அடுத்த ஆண்டு யாருக்கும் சற்று நன்றாகத்தான் இருக்கும். அந்த இயல்பான இறக்கத்தைத் திட்டத்தின் வெற்றி என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். வழிகாட்ட ஆள் இருந்தார், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடங்கள், முக்கியமாக வீடு, போதுமான அளவில் இல்லை என்பதே அந்த முடிவை நான் வாசிக்கும் விதம். பிரென்னர் பின்னாளில் வீட்டுவசதிப் பக்கமே நகர்ந்தார்.

குடும்பங்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் பொருந்தாது. வீடில்லாத ஒரு குடும்பம் என்றால் பெரும்பாலும் ஓர் இளம் தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும். அவர்கள் ஆண்டுக்கு இருபது முறை ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் அல்ல. குழந்தைகளின் மருத்துவச் செலவு பொதுவாகவே குறைவு. வீடு கொடுத்தால் மிச்சமாவது உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடத்தின் கல்லாவிலும், குழந்தைகள் நலத்துறையின் கல்லாவிலும், பதினைந்து ஆண்டு கழித்து வேறு யாருடைய கல்லாவிலும் விழும். பணம் போட்ட மருத்துவமனையின் இந்த ஆண்டுக் கணக்கில் அது தெரியவே தெரியாது. ஆகவே ‘செலவு குறையும்’ என்று வாக்குக் கொடுத்துத் தொடங்கிய குடும்பத் திட்டம், மூன்றாம் ஆண்டில் நிதி அதிகாரி கேள்வி கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்கும். ஆஸ்துமா குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது யாரும் லாபம் கேட்பதில்லை. வீட்டுக்கு மட்டும் ஏன் கேட்கிறோம் என்று ஒரு கூட்டத்தில் நான் கேட்டபோது, அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

சரி, எதனால் பயன் உண்டு? இதற்கு ஊகம் தேவையில்லை, பெரிய சோதனையே நடந்திருக்கிறது. வீட்டுவசதித் துறை 2010-க்கும் 2012-க்கும் இடையில் 12 இடங்களில், காப்பகங்களில் குறைந்தது ஒரு வாரம் தங்கியிருந்த 2,282 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. குலுக்கல் முறையில் அவர்களை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதிக்குக் காலவரையற்ற வாடகை வவுச்சர். அதை வைத்திருப்பவர் தம் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அரசு கட்டும். இரண்டாம் பகுதிக்குச் சில மாதங்களுக்கு மட்டும் வாடகை உதவி. மூன்றாவது, ஆலோசனைகளும் பயிற்சிகளும் சேர்ந்த இடைக்கால விடுதி. நான்காவது, வழக்கமாகக் கிடைப்பது எதுவோ அது. மூன்றாண்டுக்கு மேல் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள்.

வவுச்சர் கிடைத்த குடும்பங்களில் மீண்டும் வீடிழப்பது பாதியாகக் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் குடும்பங்களில் துணைவரின் வன்முறை குறைந்தது, பிள்ளைகளைப் பிரியும் நிலை குறைந்தது, தாயின் மன உளைச்சல் குறைந்தது, பள்ளி மாற்றங்கள் குறைந்தன, உணவுக்குத் தவிப்பது குறைந்தது. இவை எதற்கும் தனியாக ஓர் ஆலோசகரை அனுப்பவில்லை. கொடுத்தது வாடகை மட்டும். குறுகிய கால வாடகை உதவி மலிவாக இருந்தது, ஆனால் வழக்கமான நிலையைவிடப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஆலோசனையும் பயிற்சியும் சேர்ந்த விடுதியின் கதையும் கிட்டத்தட்ட அதுவே. 37 மாதக் கணக்கில் வவுச்சருக்கு ஆன செலவு, வழக்கமான நிலையில் ஆனதைவிட 9 சதவீதம்தான் அதிகம். காப்பகம் நடத்துவதும் மலிவான காரியம் இல்லையே.

சமூகப் பணியாளர்களான எங்களுக்கு இந்த முடிவு கொஞ்சம் கசந்தது. குடும்பத்துக்கு என்னென்ன திறன் குறைகிறது என்று பட்டியல் போட்டே பழகியவர்கள் நாங்கள். குறைந்தது பணம்தான் என்று ஆய்வு சொன்னது. அந்த வவுச்சரும் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். எந்த மருத்துவமனையும் தன் தோளில் தூக்கிவிடக்கூடிய பாரம் இல்லை அது.

ஆனாலும் மருத்துவமனையால் மட்டுமே முடிகிற சில காரியங்கள் இருக்கின்றன. முதலாவது, வீடு போவதற்கு முன்பே கண்டுகொள்வது. அமெரிக்காவில் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிக்கெய்டுதான் பணம் கட்டுகிறது. குழந்தை பிறந்த முதல் ஆண்டில் தடுப்பூசிக்கும் எடை பார்க்கவும் ஒரு தாய் எத்தனை முறை வருகிறார்! வறுமையில் உள்ள இளம் குடும்பங்களை இவ்வளவு அடிக்கடி நேரில் பார்க்கிற நிறுவனம் வேறு எது? ஆனால் “உங்களுக்கு வீடு இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் “இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தை முன்பே சொன்னேன். கடந்த 12 மாதத்தில் எப்போதாவது வாடகை பாக்கி விழுந்ததா, எத்தனை முறை இடம் மாறினீர்கள் என்று கேட்டால் உண்மை வரும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு உதவ வழியில்லை என்றால், கேட்காமல் இருப்பதே மரியாதை.

இரண்டாவது, வக்கீல். இது பலருக்கு வியப்பாக இருக்கும். 1993-இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பேரி சக்கர்மன் என்ற குழந்தை மருத்துவர், ஆஸ்துமா பிள்ளைகள் மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். காரணம் சுவரில் பிடித்த பூஞ்சணம். மருத்துவர் எழுதிய கடிதத்தை வீட்டுக்காரர் மதிக்கவில்லை. சக்கர்மன் ஒரு வழக்கறிஞரை வேலைக்கு வைத்துக்கொண்டார். வழக்கறிஞரின் கடிதத்துக்கு வீட்டுக்காரர்கள் பதில் சொன்னார்கள். இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வெளியேற்ற நோட்டீஸ் வந்த வீட்டைக் காப்பாற்றுவது, வீடு போன பிறகு புதிதாகத் தேடுவதைவிட எவ்வளவோ எளிது. வெளியேற்ற வழக்கு ஒன்று பதிவில் ஏறிவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

மூன்றாவது, காகிதம். இதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஆனால் என் வேலை நேரத்தில் பாதி இதில்தான் போனது. பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, தடுப்பூசிப் பதிவு, வருமானச் சான்று, ஊனத்தை உறுதிசெய்யும் படிவம். அடிக்கடி இடம் மாறும் குடும்பம் முதலில் தொலைப்பது இவற்றைத்தான். வீட்டுவசதி வரிசையில் உங்கள் எண் வந்து, பத்து நாளில் காகிதம் கொடுக்க முடியாவிட்டால் மீண்டும் கடைசியிலிருந்து நிற்க வேண்டியதுதான். பாதிக் காகிதத்தின் நகல் மருத்துவமனையின் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். குழந்தைக்கு நோய் இருப்பதால் முன்னுரிமை கோரும் கடிதத்தையும் மருத்துவரால்தான் எழுத முடியும். மின்சாரத்தைத் துண்டிக்காதே என்று சொல்லும் கடிதத்துக்கும் பல மாநிலங்களில் மதிப்பு உண்டு. ஐந்து நிமிட வேலை, அந்த ஐந்து நிமிடத்தைப் பிடிக்க நான் மருத்துவர்களின் பின்னால் நடைக்கூடங்களில் ஓடியிருக்கிறேன்.

நாலாவது, நேரடியாக வீட்டில் பணம் போடுவது. ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில் நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனை, தன் வாசலுக்கு எதிரே இருந்த தெற்குப் பகுதியில் பாழடைந்த, காலியான வீடுகளை 2008 முதல் சீரமைக்கத் தொடங்கியது. ஒரு தேவாலயத்தின் துணையோடு உருவான உள்ளூர் அமைப்பு ஒன்று அதற்குக் கூட்டாளி. சில வீடுகளைப் புதிதாகக் கட்டினார்கள், சிலவற்றைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கே பணம் கொடுத்தார்கள். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 2016-இல் ஐந்து மருத்துவமனைக் குழுமங்களும் ஒரு காப்பீட்டு அமைப்பும் சேர்ந்து 2 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்தன. அதைக் கொண்டு மூன்று கட்டடங்களில் 382 குடியிருப்புகள் எழுந்தன. போட்டியாளர்கள் ஒரே பையில் பணம் போட்டதுதான் அதில் எனக்குப் பிடித்தது. நோயாளி யாருடைய வாடிக்கையாளர் என்ற சண்டை அங்கே எழவில்லை. ஒன்றையும் மறக்கக்கூடாது: ஓர் இடத்தை அழகாக்கினால் வாடகை ஏறும், யாருக்காக அழகாக்கினோமோ அவர்களே வெளியேற வேண்டி வரும். எனவே வாடகை உச்சவரம்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்காமல் எந்தத் திட்டத்தையும் பாராட்ட வேண்டாம்.

அரசுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மெடிக்கெய்டு பணத்தில் வாடகை கட்டக்கூடாது என்பது நெடுங்கால விதி. 2022-இல் ஒரிகன், அரிசோனா மாநிலங்களுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட நிலையில் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் வரை வாடகை கொடுக்கலாம். கலிபோர்னியா அதே ஆண்டில் முன்பணத்துக்கும் வீடு தேட உதவுவதற்கும் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் மத்திய அரசு, இத்தகைய அனுமதிகளுக்கு அடிப்படையாக இருந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த ஊற்றை நம்பி மட்டும் ஒரு மருத்துவமனை திட்டம் போட்டால், அடுத்த தேர்தலில் அது வற்றிவிடலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஏதேனும் இந்த நிலையில் இருந்தால் 211 என்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் இருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சமூகப் பணியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்து விழுந்த பிறகு எங்களால் செய்ய முடிவது பாதியாகிவிடும். பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் வீடற்ற மாணவர்களுக்கென்று ஓர் அலுவலர் இருந்தே ஆக வேண்டும், அவரைத் தேடச் சொல்லுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. காப்பகம் ஊரின் மறுகோடியில் இருந்தாலும் பழைய பள்ளியிலேயே தொடரவும், அங்கே போய்வர வாகனம் கேட்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. பல தாய்மார்களுக்கு இது தெரிவதில்லை. சில பள்ளி அலுவலகங்களுக்கும் தெரிவதில்லை. மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.